வெளிநாட்டு வீட்டில் ஓர் ஆளாக: பரிமாற்றத் திட்டத்தில் கிளம்பும் ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

"அக்கா, அந்த வீட்டுல எப்படி இருக்கணும்?"

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், அதாவது வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கி அங்கே பள்ளியில் படிக்கும் திட்டத்தில், தேர்வாகிக் கிளம்பக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். விசா, தடுப்பூசி, குளிர் உடுப்பு எல்லாவற்றுக்கும் அமைப்புக்காரர்களே பட்டியல் தந்துவிடுகிறார்கள். முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தோடு மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் எப்படி இருப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

நான் தங்கச்சிமடத்துக்காரி. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பள்ளிப் பருவத்தில் ஜெர்மனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி தாத்தா என்று இருந்த ஒரு வீட்டில் பத்து மாதம் தங்கினேன். அதன் பிறகு இந்தக் கரையிலிருந்து ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்த பிள்ளைகளிடமும் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். கீழே எழுதியிருப்பது அவற்றிலிருந்து வந்தது.

முதலில் ஒரு விஷயம். நம் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது பெரும்பாலும் நல்ல வளர்ப்பினால்தான். பிறர் வீட்டுக்குப் போனால் சும்மா உட்கார வேண்டும், வாய்விட்டு எதையும் கேட்கக் கூடாது, அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதே அடக்கத்தை அங்கே காட்டினால், "இந்தப் பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ" என்று அவர்கள் நினைக்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்த வீடுகளுக்கும் பொருந்தும். நான்காம் நாள் முதல் நீங்கள் அங்கே ஒரு வீட்டாள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: அந்தக் குடும்பம் ஏன் உங்களை ஏற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான் கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரே சந்தேகம். "காசு வாங்காம யாரோ பெத்த பிள்ளைய எதுக்கு வச்சுச் சோறு போடுறாங்க?" நியாயமான கேள்வி. கீழக்கரைப் பக்கம் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போகிறவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கரை இது. ஆனால் சபராளிகள் அறை எடுத்து, நாலு பேராகச் சேர்ந்து, பொங்கித் தின்று வேலைக்குப் போகிறவர்கள். இது வேறு.

இப்படிப் பிள்ளைகளை அனுப்பும் ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு 1915-ல், முதல் உலகப் போரின்போது, பிரான்சில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிப்போன அமெரிக்கத் தொண்டர்களால் உருவானது. இரண்டு போர்களைப் பார்த்த அந்த ஓட்டுநர்கள், ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் வளர்ந்தால் சண்டை குறையும் என்று நம்பி, 1947-ல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசின் கென்னடி-லூகர் யெஸ் திட்டம் 2002-ல் வந்தது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களை முழு உதவித்தொகையோடு ஒரு கல்வியாண்டு அமெரிக்கக் குடும்பத்தில் தங்கவைக்கும் திட்டம் அது. இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பரிமாற்றமும் உண்டு. அதில் ஓராண்டு போனால் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருக்க முடியாது, இரண்டு மூன்று குடும்பம் மாற வேண்டியிருக்கும்.

ஏ.எஃப்.எஸ்., யெஸ் இரண்டிலும் குடும்பங்கள் பணம் வாங்குவதில்லை. தங்கள் வீட்டில் ஓர் ஆள் கூடட்டும் என்றுதான் ஏற்கிறார்கள். ஆகவே விடுதியில் தங்குவதுபோல அறைக்குள் இருந்துவிட்டு வந்தால் அவர்களுக்கு ஏமாற்றம்தான். அதேபோல, ஓசிச் சோறு தின்கிறோமே என்று நீங்கள் கூனிக்குறுகவும் தேவையில்லை.

கிளம்புமுன் அமைப்பிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: அந்த ஊரில் உங்களுக்குப் பொறுப்பான ஆள் யார், குடும்பத்தோடு ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ள என்ன வழி, எந்தெந்தச் செலவு உங்கள் கையிலிருந்து. இதை வீட்டில் அப்பா அம்மாவும் படிக்கும்படி தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

இரண்டாம் படி: கடிதத்தில் உண்மையை எழுதுங்கள்

உங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். அதைப் படித்துத்தான் ஒரு குடும்பம் "இந்தப் பிள்ளை எங்களுக்கு" என்று எடுக்கும். நம் பிள்ளைகள் எழுதுகிற கடிதம் முக்கால்வாசி ஒன்றுபோலவே இருக்கும்: எனக்குப் படிப்பதும் பாட்டுக் கேட்பதும் பிடிக்கும், இந்தியா பன்முகப் பண்பாடு கொண்ட நாடு. இதை எழுதினால் ஆயிரம் பேரில் கரைந்துபோவீர்கள்.

நான் எழுதியது இப்படி: "எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். வடகடல் அமைதியாக இருக்கும் நாளில் தென்கடல் சீறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது அரசு விதி. அந்த நாட்களில் எங்கள் ஊர் முழுக்க வலை பின்னுகிற சத்தம்தான். நானும் அப்பாவோடு உட்கார்ந்து கண்ணி போடுவேன்." என்னைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அந்த வலைதான் என்று வீட்டம்மா பிறகு சொன்னார். அவருக்குக் கம்பளி பின்னுவது உயிர்.

சங்கடமான உண்மைகளையும் எழுதுங்கள். நாய் பயமா? சொல்லுங்கள். அங்கே பல வீடுகளில் நாய் சோபாவில் படுத்திருக்கும். ஹலால் மட்டும்தான் சாப்பிடுவீர்களா, ஐந்து வேளைத் தொழுகைக்கு இடம் வேண்டுமா, சைவமா? சைவம் என்று ஒரு சொல்லில் நிறுத்தாதீர்கள். முட்டை உண்டா, மீன் உண்டா, இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் உண்டா என்று பிரித்து எழுதுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே நிறைய உண்டு. ஆஸ்துமா, மாதவிடாய் வலி, இரவில் தூக்கம் வராமை எதையும் மறைக்க வேண்டாம். தெரிந்து ஏற்கிற குடும்பம் கடைசிவரை துணை நிற்கும்.

மூன்றாம் படி: பெட்டியில் எது, எது கூடாது

பரிசு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நம் கரையில் கிடைக்கிற பனையோலைப் பெட்டி ஒன்று போதும். எடை இல்லை, உடையாது, ஓலை வாசம் மாதக்கணக்கில் நிற்கும். ஆளுக்கு ஒன்று வாங்கி உள்ளே பனங்கற்கண்டு போட்டுக் கொடுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வற்றலில் ஒரு கைப்பிடி எடுத்துப்போனால் அதை வைத்தே அரைமணி நேரம் பேசலாம். உருண்டையாக இருக்கிற மிளகாயை அவர்கள் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நெய், பால்கோவா, கறி ஊறுகாய் வேண்டாம். பாலோ இறைச்சியோ சேர்ந்த உணவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் எந்த உணவானாலும் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓலைப் பொருளைக்கூட அறிவிக்கச் சொல்வார்கள். எங்கே போனாலும் "இருக்கிறது" என்று சொல்லிவிடுவது நல்லது, சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம்.

நம் கரைப் பிள்ளைகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை: பவளம், கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை இவற்றைப் பரிசாக எடுத்துப் போகாதீர்கள். கரையில் ஒதுங்கியதுதானே என்று தோன்றும். இவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அதோடு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்காவாக இருக்கும் ஊர்க்காரர் பவளத்தை ஒடித்துக்கொண்டு போய் நிற்பது சரியில்லை.

கூடவே பத்துப் பதினைந்து புகைப்படங்களை அச்சுப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போனில் காட்டும் படம் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடும், அச்சுப் படம் அவர்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு முற்றம், அப்பாவின் படகு, பாட்டி, பள்ளிக்கூடம், பாம்பன் பாலம்: இவை இருந்தால் போதும்.

நான்காம் படி: முதல் மூன்று நாள்

இங்கேதான் சறுக்கல் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு முதல் சறுக்கல் சாப்பாட்டு மேசையில். ஜெர்மனியில் இரவுச் சாப்பாடு பல வீடுகளில் சமைக்காத உணவு. ஆபென்ட்ப்ரோட் என்பார்கள், அதாவது மாலை ரொட்டி. கறுத்த ரொட்டி, வெண்ணெய், சீஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி எல்லாம் மேசையில் இருக்கும், அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டம்மா "எடுத்துக்கொள்" என்றார். நான் "வேண்டாம்" என்றேன். இன்னொரு தடவை கேட்டார், அப்போதும் வேண்டாம் என்றேன். நம் வீடாக இருந்தால் மூன்றாம் தடவை கையைப் பிடித்துத் தட்டில் வைத்திருப்பார்கள். அங்கே தட்டை எடுத்துவிட்டார்கள். அன்று இரவு பெட்டியிலிருந்த கடலை மிட்டாயைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அவர்கள் மேல் தப்பில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது அவர்கள் ஊர் மரியாதை. பசித்தால் "பசிக்கிறது" என்று சொல்லுங்கள். முதல் கேள்விக்கே "ஆமாம், கொஞ்சம்" என்று சொல்லப் பழகுங்கள்.

இரண்டாவது, அவர்களை எப்படிக் கூப்பிடுவது. ஜெர்மன் மொழியில் நம் நீ, நீங்கள் போலவே டூ, ஸீ என்று இரண்டு உண்டு. வீட்டுக்குள் எல்லோரும் டூதான், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் அம்மா வயதுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரம் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், அவர் திரும்பிப் பார்க்கும்வரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். "நீ ஏன் பேயைப் போல வந்து நிற்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். அப்போதுதான் விளக்கினேன்: எங்கள் ஊரில் பெரியவர்கள் பெயரைச் சொல்வது அவமரியாதை, அக்கா, அத்தை, சித்தி என்று ஏதாவது முறை வேண்டும் என்று. சித்தி என்றால் என்ன என்று கேட்டார். அம்மாவின் தங்கை, கிட்டத்தட்ட அம்மா என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்குச் சித்தி. இப்போதும் அவர் அனுப்பும் வாழ்த்து அட்டையில் கீழே தமிழில் "சித்தி" என்றுதான் கையெழுத்து, சுழிகூட மாறாமல். நீங்கள் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். முதல் மாலையே, "உங்களை நான் எப்படிக் கூப்பிட?" என்று கேட்டுவிடுங்கள். ஜப்பானில் இந்தச் சிக்கல் குறைவு. ஒகாசான் என்றால் அம்மா, ஒதோசான் என்றால் அப்பா, அப்படியே கூப்பிடச் சொல்வார்கள்.

மூன்றாவது குளியலறை. நம் குளியலறையில் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றலாம், ஓடிவிடும். ஐரோப்பா, அமெரிக்கா இரண்டிலும் பெரும்பாலும் தரையில் வடிகால் கிடையாது. தொட்டிக்குள் நின்று, திரையை உள்பக்கமாக இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். வெளியே சிந்தினால் மரத்தரை ஊறி, கீழ்வீட்டுக் கூரைவரை இறங்கும். குளித்ததும் துடைத்துவிடுங்கள். ஜப்பானில் இன்னும் வேறு: தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவி முடித்த பிறகுதான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும், அதே தண்ணீரில் வீட்டார் எல்லோரும் முறை வைத்து இறங்குவார்கள். நீங்கள் முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் தலையணைமேல் ஒரு பழைய துண்டு விரியுங்கள்.

மீதிக்கு ஒரு கேள்விப் பட்டியல் வைத்துக்கொண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கேட்டுவிடலாம்: துணி எப்போது துவைப்பது, குளிர்பெட்டியில் எதைக் கேட்காமல் எடுக்கலாம், இரவு எத்தனை மணிக்குள் வர வேண்டும், அறைக்கதவைச் சாத்தலாமா, வைஃபை எதுவரை. ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் சத்தம் போடக் கூடாது. அதனால் நம்மூர் மைக்செட்டுக் காதோடு போகிறவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும், பிறகு பிடித்துப்போகும்.

ஐந்தாம் படி: ஒரு வேலையைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். "ஏதாவது உதவட்டுமா?" என்று தினமும் கேட்டால் தினமும் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். கேட்காமல் ஒரே ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை துடைப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வது, நாயை நடக்கக் கூட்டிப்போவது, எதுவானாலும் சரி. ஜெர்மனியில் புதிதாக வந்தவர்க்கு லேசான வேலை ஒன்று இருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள், கடையில் இருக்கும் இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும். வாராவாரம் பாட்டில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலையாயிற்று. கடைக்காரர் முகம் பழகியது, நாலு வார்த்தை ஜெர்மன் அங்கேதான் தைரியமாகப் பேசினேன்.

அப்படியும் நான் அந்த வீட்டு ஆளானது டிசம்பரில்தான். சாக்சனிப் பக்கம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் குளத்துக் கெண்டை சமைப்பது வழக்கம். வீட்டுக்காரர் முழு மீனாக வாங்கிவந்துவிட்டார், இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். கழுவு தொட்டிமேல் நின்றுகொண்டு சின்னக் கத்தியால் சுரண்டுகிறார், செதில் சுவரெல்லாம் தெறிக்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் பழைய செய்தித்தாள் கேட்டேன். தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வாலைத் துணியால் பிடித்துக்கொண்டு, கத்தி முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தள்ளினால் செதில் தெறிக்காமல் குவியும். பிறகு செவுள், அப்புறம் வயிறு, பித்தப்பை உடையாமல் குடலை ஒரே இழுப்பில். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நிமிர்ந்து பார்த்தால் வீடே என்னைச் சுற்றி நிற்கிறது. நாற்காலியில் இருந்த பாட்டி ஒரு பெரிய செதிலை எடுத்துக் கழுவித் துடைத்து என் கையில் வைத்து, பர்ஸில் போட்டுக்கொள், வருடம் முழுக்கக் காசு தங்கும் என்றார். அவர்கள் ஊர் நம்பிக்கை அது. ஊரில் மீன் அரிவதை நான் ஒரு திறமையாக நினைத்ததே இல்லை.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும், ஆளுக்கு ஒரு கட்டம், யார் எப்போது எங்கே என்று எழுத. புது வருட நாட்காட்டி மாட்டியபோது அதில் என் பெயருக்கும் ஒரு கட்டம் இருந்தது. உங்கள் கையிலும் இப்படி ஏதாவது தொழில் இருக்கும். வலை பின்னுவது, பூக் கட்டுவது, ஓலை முடைவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். கிளம்புமுன் அது என்னவென்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நன்றி, தலையாட்டல், பேச்சு

நம் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொன்னால் "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்பார். அங்கே உப்பை நகர்த்தினால்கூட நன்றி சொல்கிறார்கள். சொல்லாவிட்டால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாம் ஆமாம் என்று பக்கவாட்டில் தலையாட்டுவதும் அவர்களுக்கு இல்லை என்று தெரியும், வாயால் சொல்லிவிடுங்கள்.

மொழி வராவிட்டாலும் அன்றாடச் சொற்களை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "இத்தேகிமாஸ்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் "போயிட்டு வர்றேன்" என்றுதான் பொருள். அதைக் கேட்ட நாளில் தொண்டை அடைத்துப்போனதாக அங்கே போய்வந்த தங்கை ஒருத்தி சொன்னாள்.

பேச என்ன இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் எங்கேயாவது ஒரு முடிச்சு இருக்கும், போகுமுன் தேடுங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு பிறந்தது சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில். இதை நான் சொன்னதும் தாத்தாவுக்குத் தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காரில் ஏற்றி அந்த ஊருக்கே கூட்டிப்போனார். வழியெல்லாம் கதைதான். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வாசலில் தொங்கவிடுகிற காகித நட்சத்திரம் ஹெர்ன்ஹுட் என்ற அந்தப் பக்கத்து ஊரின் கைவேலை. தங்கச்சிமடத்தில் நாங்கள் டிசம்பரில் வாசலுக்கு வாசல் தொங்கவிடுவதும் காகித நட்சத்திரம்தான். அந்த விளக்கைப் பார்த்த இரவில் வீட்டு நினைப்பு வந்தது, ஆனால் அழுகை வரவில்லை.

போன்

தினமும் இரவு இரண்டு மணி நேரம் வீட்டோடு வீடியோவில் பேசுகிற பிள்ளை அந்த வீட்டில் ஒட்டாது. உடம்பு அங்கே, மனசு இங்கே. நான் வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கோபம்தான், ஒரு மாதத்தில் சரியாயிற்று. ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அப்பா கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவையாவது இரண்டு குடும்பத்தையும் திரையில் உட்கார வையுங்கள். மொழி வேண்டாம். என் அம்மா சட்டியைத் தூக்கிக் காட்டுவார், சித்தி பின்னிய காலுறையைக் காட்டுவார், இருவரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அம்மா என்னைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, "சித்திக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

நீங்கள் சமைக்கிற நாள்

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே சொல்லி, நீங்களே சமையுங்கள். மீன்குழம்பு வைக்கலாம். முள்ளில்லாத துண்டு மீன் வாங்குங்கள், தலையும் முள்ளும் பார்த்தாலே பலருக்குச் சாப்பாடு இறங்காது. மிளகாய்த்தூளை நாம் போடுவதில் நாலில் ஒரு பங்கு போட்டால் போதும், தேங்காய்ப்பால் தாராளமாக. தாளிக்குமுன் அடுப்படிக் கதவைச் சாத்தி, சன்னலை முழுக்கத் திறந்துவிடுங்கள். குளிர்காலத்திலும் ஐந்து பத்து நிமிடம் சன்னலை அகலத் திறந்து காற்று மாற்றுவது ஜெர்மன் வீடுகளில் தினசரிப் பழக்கம், ஆகவே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடிந்ததும் அடுப்பை நீங்களே துடையுங்கள். கருவாட்டை மட்டும் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அடைத்த வீட்டில் அந்த வாடை கம்பளிக் கோட்டில் ஏறி வாரக்கணக்கில் இறங்காது.

மனத்தாங்கல் வந்தால்

வரும். நவம்பர், டிசம்பரில் அந்தப் பக்கம் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வெயிலில் வளர்ந்த உடம்பு துவண்டுபோகும். காரணமில்லாமல் அழுகை வந்தால் அறைக்குள் பூட்டிக்கொள்ளாமல் கூடத்தில் வந்து உட்காருங்கள். பேச வேண்டாம், இருந்தால் போதும். மனசில் உறுத்தும் சின்ன விஷயத்தை அன்றே, தணிந்த குரலில், நேராகச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நம் வீட்டில் யாராவது வந்து கேட்பார்கள். அங்கே, தனியாக இருக்க விரும்புகிறாய் போலும் என்று மரியாதையோடு விலகிவிடுவார்கள்.

ஆனால் சில விஷயம் பொறுத்துப்போவதற்கு இல்லை. போதிய சாப்பாடு தராமை, பிள்ளை பார்க்கவும் வீட்டுவேலை செய்யவும் ஆள்போல நடத்துவது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, மதத்தைப் பழிப்பது, உடம்பில் கைவைப்பது, கைவைக்கப் பார்ப்பது. இதில் எது நடந்தாலும் அன்றைக்கே உங்கள் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அமெரிக்கப் பள்ளி மாணவர் திட்டங்களில் பொறுப்பாளர் மாதாமாதம் உங்களோடு பேசியே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. அவர் கேட்கவில்லையென்றால் மேலே சொல்லுங்கள். ஆபத்து என்றால் ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. "ஊரில் என்ன பேசுவார்கள்" என்று யோசித்து வாய்மூடி இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தங்கச்சி, தம்பி, வீடு மாறுவது தோல்வி இல்லை. வீடு மாறிய பிறகு அருமையான குடும்பம் அமைந்தவர்கள் உண்டு. பெற்றோருக்கும் சொல்கிறேன்: பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புங்கள், "அனுசரிச்சுப் போ" என்று சொல்லாதீர்கள்.

திரும்பும்போதும், திரும்பிய பிறகும்

கடைசி வாரம் நண்பர்களோடு ஊர் சுற்றுவதில் போய்விடும். இரண்டு மாலையை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு கடிதம், கையால், அவர்கள் மொழியில், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. பொதுவாக "நன்றி" என்று எழுதாமல், ஒரு நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். சித்தி இரவில் என் அறைக்கு வந்து வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் போன ஜனவரி இரவைப் பற்றி எழுதினேன். அறையைக் கூட்டி, விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டு வாருங்கள். ஊர் சேர்ந்ததும் சேதி, பிறகு பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து. ஜெர்மன்காரர்களுக்குப் பிறந்தநாளுக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லிவிடக் கூடாது, அபசகுனம் என்பார்கள். நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு அனுப்புங்கள்.

அவர்கள் நம் ஊருக்கு வர ஆசைப்படுவார்கள், பலர் வரவும் செய்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மீனும் கிடைக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் கூட்டிப்போங்கள், 1914-ல் திறந்த பழைய பாலத்தின் கதையையும் சொல்லுங்கள். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். 1964 டிசம்பர் புயலில் போன அந்த ஊரின் கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால்தான் அந்த இடிந்த கோயில் சுவர் அவர்களுக்குப் புரியும்.

வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இந்த விதி உண்டு. பாஸ்போர்ட், விசா நகலை அவர்கள் கிளம்புமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய முறைக் கழிப்பறை இல்லையென்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை: முதல் மூன்று நாள் உபசாரம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும், நான்காம் நாள் அவர்கள் அடுப்படிக்கு வந்து நின்றால் "நீங்க போய் உக்காருங்க" என்று விரட்ட வேண்டாம். உரிக்கச் சின்ன வெங்காயம் ஒரு முறத்தில் எடுத்து வைத்திருங்கள்.